புளுவன் ஜீவராணி

வெள்ளைக்கல் தோட்டத்தில் ஜீவராணி என்று மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருத்தி பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். இன்னொருத்தி கல்யாணம் கட்டி வந்து ஆறு மாதம்கூட ஆகாதவள். மூன்றாமவள்தான் நம்ம ஆள். "எந்த ஜீவராணி?" என்று யாராவது கேட்டால், "புளுவன் ஜீவராணி" என்பார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

'புளுவன்' சிங்களச் சொல். முடியும், தெரியும், என்னால் ஆகும் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியோ பொலிஸோ பிரதேச செயலகமோ, எந்த ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாலும் உள்ளே இருக்கிறவர் முதலில் கேட்பது, "சிங்கள புளுவன்த?" என்றுதான். கேள்வி முடிவதற்குள் ஜீவராணியின் பதில் வந்து விழுந்துவிடும்: "புளுவன் மாத்தயா!" அந்த வேகத்தில் வந்த பட்டப்பெயர் அது. அவளுக்கு அதில் கோபம் கிடையாது. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைகூட.

ருவன்வெல்லையிலிருந்து ஏழு மைல் கட்டை உள்ளே இருக்கிற ரப்பர் தோட்டம் அது. வரிசை வீடுகளாக நான்கு லயம், ஒரு கோயில், ஐந்தாம் ஆண்டு வரைக்கும் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். சுற்றிவர எல்லாம் சிங்களக் கிராமம். அதனால் லயத்தில் எல்லாருக்கும் சிங்களம் வரும், கடைக்காரனோடு சண்டை பிடிக்கிற அளவுக்கு வரும். ஆனால் ஜன்னலுக்கு முன்னால் போனால் வராது. ஜீவராணியின் அப்பா காத்தமுத்து அப்படித்தான். மூன்று பேரை வாயாலேயே மடக்கிவிடுகிற மனுஷன், ஆஸ்பத்திரி ஜன்னலைக் கண்டதும் மடித்துக் கட்டின சாரத்தை இறக்கி விட்டுக்கொண்டு "ஆ... ஆ..." என்று நிற்பார். "பாஷை தெரிஞ்ச யாரையாவது கூட்டிட்டு நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாளைக்கு என்றால் இன்னொரு நாள் வேலை போச்சு. ஒருநாள் ஒன்பது வயது ஜீவராணி அப்பாவின் கைக்குக் கீழே புகுந்து, எட்டி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு எங்கே வலி, எத்தனை நாளாக வலி என்று படபடவென்று சிங்களத்தில் சொல்லிவிட்டாள். உள்ளே இருந்த நோனா அம்மா சிரித்துவிட்டார். மருந்தும் கிடைத்தது.

அன்றைக்கு லயத்துக்கு ஒரு வாய் கிடைத்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிரசவம், பொலிஸ் முறைப்பாடு, எதுவாக இருந்தாலும் "புளுவனைக் கூப்பிடு" என்பார்கள். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வெட்டின மரத்தில் தண்ணீர் இறங்கினால் பால் கெட்டுப்போகும். மற்றவர்கள் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிற அந்த மழை நாட்களில்தான் ஜீவராணி யாரையாவது இழுத்துக்கொண்டு டவுனில் நிற்பாள்.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. புருஷன் இந்திரகுமார் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை, மாதம் ஒருமுறை வருவான். ஒரே பிள்ளை லோஜினி, நான்காம் ஆண்டு.

இவ்வளவும் ஊருக்குத் தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. சிங்களத்தை அருவியாகக் கொட்டுகிற ஜீவராணிக்குச் சிங்களத்தில் ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. எங்கே படித்தாள் தெரிவதற்கு? தோட்டத்திலும் பிறகு டவுனிலும் எட்டாம் ஆண்டு வரைக்கும் படித்தது தமிழில். தமிழ்க் கடதாசி என்றால் ஒரு கை பார்த்துவிடுவாள். ஆனால் வாயைத் திறந்ததும் 'புளுவன்' என்கிறவளுக்கு யார் தமிழ்க் கடதாசி தருவார்கள்? கேட்டிருந்தால் அலமாரியில் ஒன்று இருந்திருக்கும். அவள் கேட்டதே இல்லை. சிங்களப் படிவத்தை வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, "அய்யோ மாத்தயா, கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன், கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களேன்" என்பாள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. அவள் கண்ணுக்கு அரைக் கட்டை தூரத்தில் பால் நிரம்பி வழிகிற சிரட்டையும் தெரியும்.

இனி லோஜினி.

அந்தப் பிள்ளை ஒரு தடவை கேட்ட பாட்டை மறக்காது. ருவன்வெல்லை டிப்போவில் எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று அதனிடம்தான் லயமே கேட்கும். அம்மாவின் பகுதியில் முந்நூறு மரமிருந்தால், எது கூடுதலாகப் பால் தருகிற மரம், எது சண்டித்தனம் பண்ணுகிற மரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். பள்ளிக்கூடத்திலும் மூன்று வருஷமாக அது புத்தகத்தை விரித்துப் பிடித்து, விரலை வரியில் ஓட்டி, நிறுத்தி நிதானமாக வாசித்தது. ஜீவராணி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள், பிள்ளை வாத்தியாராகும் என்று.

நான்காம் ஆண்டுக்கு சஞ்சீவ் சேர் புதிதாக வந்தார். கஹவத்தைப் பக்கத்து இளைஞர், தோட்டத்துப் பிள்ளைதான், மோட்டார் சைக்கிளில் வருவார். ஒருநாள் லோஜினி வாசித்துக்கொண்டிருக்கும்போது காற்றில் பக்கம் புரண்டுவிட்டது. லோஜினி நிறுத்தவில்லை. முந்தின பக்கத்தில் இருந்ததையே, ஒரு சொல் பிசகாமல், புதுப் பக்கத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு வாசித்து முடித்தது. அடுத்த நாள் யாரும் வாசித்துக் காட்டாத ஒரு பாடத்தைக் கொடுத்தார். லோஜினி புத்தகத்தைப் பார்த்தது, சேரைப் பார்த்தது. "தொண்டை கட்டியிருக்கு சேர். நீங்க ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்களேன்" என்றது.

விஷயம் வீட்டுக்கு வந்தது. ஜீவராணிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மூன்று வருஷம்! மூன்று வருஷமாகவா இந்தக் கள்ளி ஏமாற்றினாள்? "வாசிடி!" என்றாள். 'மரம்' என்ற சொல்லை லோஜினி ஒருமுறை 'பரம்' என்றது, ஒருமுறை 'ரமம்' என்றது. "எழுத்தெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்மா, நெலையா நிக்க மாட்டேங்குது" என்று அழுதது. ஜீவராணி அகப்பைக் காம்பால் முழங்காலில் இரண்டு வைத்தாள். வைத்த கையை அதற்குப் பிறகு எத்தனை நாள் நொந்துகொண்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பக்கத்துக் காம்பரா கருப்பாயி சும்மா இருப்பாளா? "கண்ணு பட்டிருக்கு, பிள்ள அவ்வளவு துடியா இருந்துச்சுல்ல" என்று கையில் கறுப்புக் கயிறு கட்டினாள். "வல்லாரைய அரைச்சுக் குடு, நல்லா ஞாபகம் வரும்" என்றாள். ஞாபகத்துக்கு அந்தப் பிள்ளையிடம் என்ன குறை? ஞாபகத்தை வைத்துத்தானே மூன்று வருஷம் ஓட்டியது! ஆனாலும் இரண்டு மாதம் காலையும் மாலையும் வல்லாரைச் சம்பல். லோஜினி இன்றைக்கும் பச்சையாக எதைக் கண்டாலும் ஓடும். கோயிலில் இலவசக் கண் பரிசோதனை வந்தபோது அங்கேயும் கூட்டிப்போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

கடைசியில் சஞ்சீவ் சேர் லயத்துக்கே வந்தார்.

"அக்கா, இவ மக்கு இல்ல. சோம்பேறியும் இல்ல. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. டிஸ்லெக்ஸியான்னு சொல்லுவாங்க. நல்ல மூளையுள்ள பிள்ளைக்கும் எழுத்து மட்டும் பிடிபடாது. அதுக்குச் சொல்லிக்குடுக்கிற வழி வேற இருக்கு."

"வியாதிங்களா சேர்?"

"வியாதி இல்லக்கா. ஆனா நான் வாயால சொன்னா பள்ளிக்கூட அதிபர் கேக்க மாட்டாரு. ஆஸ்பத்திரியில பிள்ளைங்க கிளினிக்ல பார்த்து ஒரு கடதாசி வாங்கிட்டு வாங்க. கடதாசி இருந்தா வகுப்புலயே வச்சு உதவி செய்யலாம், பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கேக்கலாம்."

ஆஸ்பத்திரியா? ஜீவராணிக்கு அப்பாடா என்று இருந்தது. அது அவளுடைய ஜன்னல் ஆச்சே. ஊராருக்கெல்லாம் பேசினவள் தன் பிள்ளைக்குப் பேசமாட்டாளா?

எந்த டவுன் ஆஸ்பத்திரி என்று நான் சொல்லப் போவதில்லை. பிழை அவர்களுடையது என்று யாராவது நினைத்துவிடக் கூடாது. அங்கே பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கிற சின்ன வயது மிஸ் நல்ல பொண்ணு. பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள், டொஃபி கொடுத்தாள், முறையாகக் கேட்கவும் கேட்டாள்: "சிங்கள புளுவன்த?"

"புளுவன் மிஸ்!" என்றாள் ஜீவராணி. அதோடு நிறுத்தினாளா? "துவடத் புளுவன்!" என்றும் சேர்த்தாள். மகளுக்கும் தெரியும்.

லோஜினியை உள்ளே கூட்டிப் போனார்கள். ஒரு மணி நேரம். வெளியே வந்த பிள்ளை டொஃபியைத் தின்னாமல் கைக்குள்ளேயே உருக வைத்திருந்தது. "எப்படிடி?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டியது. இரண்டு வாரம் கழித்து மழைக்குள் போய் ஜீவராணி அறிக்கையை வாங்கி வந்தாள். சிங்களத்தில் இரண்டு பக்கம், மேலே சீல், கீழே கையெழுத்து. மார்போடு அணைத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடம் போனாள்.

சஞ்சீவ் சேர் சிங்களம் படித்தவர். வாசிக்க வாசிக்க அவர் முகம் மாறியது.

"என்னங்க சேர்?"

"மூளை வளர்ச்சி வயசுக்கு ரொம்பக் குறைவுன்னு போட்டிருக்குக்கா. டவுன் சிங்களப் பள்ளிக்கூடத்துல விசேஷ வகுப்பு இருக்கு, அங்க மாத்தச் சொல்லி எழுதியிருக்கு. அடுத்த பள்ளித் தவணை தொடங்கிறதுக்கு முன்னாடி அதிபர் கையெழுத்துப் போடணும்." அவர் கடதாசியை மடித்தார். "ஒண்ணு கேக்கிறேன், கோவிக்காதீங்க. எந்தப் பாஷையில பார்த்தாங்க?"

லோஜினிதான் சொன்னது.

"சிங்களத்துல சேர். படம் காட்டிக் காட்டிப் பேர் கேட்டாங்க. நத்தை, ஏணி, சல்லடை. எல்லாம் எனக்குத் தெரியும். சிங்களத்துல என்ன சொல்றதுன்னுதான் தெரியல. கதை ஒண்ணு சொல்லி அதுல கேள்வி கேட்டாங்க. கடைச் சிங்களம் இல்ல அது, என்னமோ பெரிய சிங்களம். சும்மா இருந்தேன்."

"ஏன்டி, தமிழ்ல கேளுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் ஜீவராணி.

"நீங்கதானே புளுவன்னு சொன்னீங்க."

அவள் அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் கதவு திறந்த வாய், பெற்ற பிள்ளையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. பிள்ளைக்கு மூளை இல்லை என்று சீல் வைத்த கடதாசியை அவளே கேட்டு வாங்கி, மழை படாமல் மார்பில் வைத்துச் சுமந்து வந்திருக்கிறாள். அன்றைக்கு இரவு சோறு இறங்கவில்லை. இந்திரகுமாருக்குப் போன் எடுத்து அழுதாள். "சிங்கள ஸ்கூல்னா நல்லதுதானே, போகட்டுமே" என்றான் அவன். "ஒங்க பிள்ளைக்கு மூளை இல்லன்னு எழுதியிருக்கானுங்க, அதுக்கும் நல்லதும்பீங்களா?" என்று போனை வைத்துவிட்டாள்.

சஞ்சீவ் சேருக்குத் தூக்கம் வந்திருக்காது போல. அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு விலாசம் கொடுத்தார். மாவனல்லையில் ஸும்றா டீச்சர் என்று ஒருவர், ஓய்வு பெற்றவர். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்கப் படித்தவர், சனிக்கிழமைகளில் வீட்டு முன் அறையில் ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிறார்.

ருவன்வெல்லைக்கு ஒரு பஸ், கேகாலைக்கு ஒரு பஸ், மாவனல்லைக்கு ஒரு பஸ். ஸும்றா டீச்சர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முதலில் பிளேன்டீ கொடுத்தார், பிறகு லோஜினியைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒரு மணி நேரம் கதைத்தார், சிரித்தார், அட்டையைக் காட்டினார், கை தட்டச் சொன்னார். வாசலில் உட்கார்ந்திருந்த ஜீவராணிக்கு உள்ளே பார்க்கப் பயமாக இருந்தது.

"புள்ளட மூளையில ஒரு கொறயும் இல்ல" என்றார் டீச்சர் வெளியே வந்து. "நாலாம் ஆண்டுப் புள்ளக்கித் தெரிய வேண்டியதுக்கு மேலயே தெரிஞ்சி ஈக்கிது. எழுத்து மட்டும்தான் பிடிபடல்ல. வேற விதமாச் செல்லிக் குடுத்தாப் பிடிபடும். நாள் எடுக்கும், ஆனா பிடிபடும்."

ஜீவராணி தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் ஓவென்று அழுதாள். டீச்சர் அழ விட்டார். பிறகு வேலையைச் சொன்னார். ஓர் அட்டையில் ஒரு வரி அளவுக்கு ஜன்னல் வெட்டித் தந்தார். அதைப் பக்கத்தின் மேல் வைத்தால் ஒரு வரிதான் தெரியும், மற்ற எழுத்தெல்லாம் வந்து முட்டாது. ஒரு தட்டில் மணல் போட்டு, எழுத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டே எழுத்து. சேரிடம் சொல்லிப் பாடத்தைப் போனில் பேசி அனுப்பச் சொல்ல வேண்டும்; பிள்ளை கேட்டுக்கொண்டே வரியைப் பார்க்கட்டும்.

"அடிக்க வாணாம்" என்றார் கடைசியாக.

"ஒருக்காதாங்க டீச்சர்..." என்று ஜீவராணி தலையைக் குனிந்தாள்.

"அப்ப இந்தக் கடதாசிய நீங்களே எழுதித் தாங்க டீச்சர்" என்று பிறகு கேட்டாள்.

"நான் எழுதினாச் செல்லாது. ஆஸ்பத்திரியிலதான் திரும்பப் பாக்க வேணும். தமிழ்ல பாக்க வேணும் எண்டு நீங்கதான் வாயத் தொறந்து கேக்க வேணும்."

வாயைத் திறந்து கேட்பது! ஜீவராணிக்கு வாழ்க்கையில் அது ஒன்றுதான் லேசான வேலை. இந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் இதுவரை கேட்டதே இல்லை.

ரப்பர் பால் உறைய வைக்கிற பழைய தகரத் தட்டு ஒன்றை ஸ்டோரிலிருந்து கேட்டு வாங்கினாள். ஓடையில் மணல் அள்ளிச் சலித்துப் போட்டாள். விடிய ஐந்து மணிக்குப் பால் வெட்டப் போகுமுன் ஓர் எழுத்து, அந்திக்கு ஓர் எழுத்து. 'ம' நிலையாக நிற்க ஒன்பது நாள் ஆனது. கருப்பாயி எட்டிப் பார்த்து, "நாலாம் ஆண்டு பிள்ளைய மணல்ல வெளாட விடுறியே" என்றாள். "நீ ஒன் வல்லாரையப் பாத்துக்க" என்றாள் ஜீவராணி.

தவணை முடிய மூன்று வாரம் இருக்கையில் ஒரு வியாழக்கிழமை, மழையில்லாத நல்ல வெட்டு நாள், அன்றைய கூலிப் பேரை விட்டுவிட்டு லோஜினியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜன்னலில் எப்போதும் இருக்கிற அந்த மீசைக்கார மாத்தயாதான் இருந்தார். பத்து வருஷப் பழக்கம். இவளைக் கண்டால் வேலை சுருக்காக முடியும் என்று அவருக்கும் பிடிக்கும்.

"ஆ, நங்கி! பிள்ளைக்குத் திரும்பப் பார்க்கவா? நல்ல நாளில் வந்தாய், கூட்டம் இல்லை. அந்த மிஸ் இருக்கிறார், மூன்றாம் நம்பர் தருகிறேன். சிங்கள புளுவன்னே?" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே பேனையை எடுத்துவிட்டார்.

இருபத்தொன்பது வருஷமாக நாக்கின் நுனியில் தயாராக நிற்கிற சொல் அது. பாதி வெளியே வந்தும் விட்டது. "புளு..." அவள் கையைப் பிடித்திருந்த லோஜினியின் விரல்கள் இறுகின.

"பெஹெ" என்றாள் ஜீவராணி. முடியாது.

மாத்தயா பேனையை வைத்தார். "என்ன?"

"எனக்குச் சிங்களம் தெரியாது மாத்தயா. பிள்ளைக்கும் தெரியாது. தமிழில்தான் பார்க்க வேண்டும்."

இதை அவள் சொன்னது முழுக்கச் சிங்களத்தில். அதுவும் சுத்தமான, பத்து வருஷமாக அந்த ஜன்னல் கேட்டுப் பழகிய அழகான சிங்களத்தில். வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாத்தயாவும் சிரித்துவிட்டார். "நீ பேசுகிற சிங்களம் என் பெண்டாட்டிக்கே வராது!"

ஜீவராணிக்கு முகமெல்லாம் சுட்டது. ஆனால் நகரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், ஒன்பது வயதில் பிடித்த மாதிரி.

"பேசுவேன் மாத்தயா. ஓர் எழுத்து வாசிக்க மாட்டேன். பத்து வருஷமாக உங்களிடம் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொன்னதெல்லாம் பொய். என்னிடம் கண்ணாடியே இல்லை. போன தடவை நான் சொன்ன பொய்யால் என் பிள்ளைக்கு மூளை இல்லை என்று கடதாசி வந்துவிட்டது. இந்தத் தடவை சொல்ல மாட்டேன். தமிழ் தெரிந்தவர் வரும்வரை அந்த பெஞ்சில் உட்காருகிறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. மாத்தயா அவளைப் பார்த்தார், பிறகு லோஜினியைப் பார்த்தார். லோஜினி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தமிழ் டொக்டர் நோனா மாதத்தில் இரண்டு வியாழக்கிழமைதான் வருகிறார்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "இன்றைக்கு இல்லை, அடுத்த கிழமை. முதல் நம்பர் போட்டு வைக்கிறேன். வெள்ளன வா."

அடுத்த வியாழனும் நல்ல வெட்டு நாள். அதையும் விட்டாள். அந்தத் தமிழ் டொக்டர் சஜீதா மெலிந்த, வேகமாக நடக்கிற பெண். "வாங்க குட்டி" என்று லோஜினியைக் கூட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார். ஜீவராணி கதவோரமாக நின்றாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பிள்ளையின் குரல் கேட்டது. பிறகு அது நிற்கவே இல்லை. நத்தை, ஏணி, சல்லடை. சல்லடையில் மணல் சலிக்கிற கதை. சண்டித்தனம் பண்ணுகிற ரப்பர் மரத்தின் கதை. ருவன்வெல்லை பஸ்ஸின் நேரம். டொக்டர் சிரிக்கிற சத்தம். கதவுக்கு வெளியே ஜீவராணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே கடதாசி வேண்டும் என்று அடம் பிடித்தாள். டொக்டர் அறிக்கையை எழுதிவிட்டு, "பள்ளிக்கூடத்துக்குத் தனியா ஒரு கடிதம் தாறேன். எந்தப் பாஷையில?" என்று கேட்டார்.

"தமிழ்லங்க" என்றாள் ஜீவராணி. இரண்டாம் தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஜீவராணி கடிதத்தைப் பிரித்து மடியில் வைத்தாள். வாழ்நாளில் எத்தனை கடதாசி சுமந்திருப்பாள். சீல் வைத்த ஒன்றைத் தன் கண்ணால் வாசிப்பது இதுதான் முதல் தடவை. மெதுவாக, வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தாள். பிள்ளைக்கு அறிவாற்றல் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. எழுத்தை அறிவதில் மட்டும் சிரமம் என்று இருந்தது. தன் வகுப்பிலேயே, தன் மொழியிலேயே தொடர்ந்து படிக்க வேண்டும் என்று இருந்தது. அந்த வரியை மூன்று தடவை வாசித்தாள்.

"அம்மா."

"ம்?"

"கண்ணாடி வேணாமா?"

ஜீவராணி திரும்பினாள். பிள்ளை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"அடி கள்ளி... அன்னைக்கு ஜன்னல்ல நான் சொன்னத வச்சுத்தானே கேக்கிற?"

"இல்லம்மா. எனக்கு முந்தியே தெரியும். நம்ம வீட்டுல கண்ணாடியே இல்லையே. நீங்க அப்படிச் சொன்னா எல்லாரும் வாசிச்சுச் சொல்லுவாங்க. அதப் பார்த்துத்தான் நானும் தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லப் பழகினேன்."

ஜீவராணிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. அகப்பைக் காம்பு பட்ட அந்த முழங்காலை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். மூன்று வருஷமாக ஏமாற்றினாளே என்று அடித்தாளே, இருபத்தொன்பது வருஷமாக ஏமாற்றினவளை யார் அடிப்பது?

"இந்தா" என்று கடிதத்தை நீட்டினாள். "இதுல ஒன் பேர் எங்க இருக்குன்னு பாரு. நான் சொல்ல மாட்டேன்."

லோஜினி பையைத் திறந்து ஸும்றா டீச்சரின் அட்டையை எடுத்தது. முதல் வரியில் வைத்து, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு, உதட்டை அசைத்துக்கொண்டே நகர்த்தியது. கொண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தபோதும் நிமிரவில்லை. தோட்டத்து பஸ்ஸுக்கு மாறவேண்டிய ருவன்வெல்லைச் சந்தியில் எல்லாரும் இறங்கத் தொடங்கியபோது அது மூன்றாவது வரிக்கு வந்திருந்தது.

"லோ..." என்றது.

"அவசரமில்ல" என்றாள் ஜீவராணி. "அடுத்த பஸ்ஸுல போவோம்."